இந்த வண்டி எங்கே நிற்கிறது?

காரை வரைவது ஓவியமே இல்லை, அது காலண்டர் வேலை என்று ஓவிய நண்பர் ஒருவர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. டீ ஆறுவதற்குள் போகிற போக்கில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் வாதம் இதுதான்: ஒரு வேப்பமரத்தை வரைந்தால் எந்தக் கிளையை விடுவது, எதை இன்னும் கொஞ்சம் வளைப்பது என்று வரைகிறவன் முடிவு செய்கிறான். காரில் எதையும் தொட முடியாது. ஒரு கோட்டை அரை விரற்கடை நகர்த்தினாலும் அது வேறு கார் ஆகிவிடும். எல்லா முடிவுகளையும் வடிவமைத்தவன் எப்போதோ எடுத்து முடித்துவிட்டான். வரைகிறவன் படி எடுக்கிற ஆள், அவ்வளவுதான். பதில் சொல்ல வாயெடுத்தேன், சொல் வரவில்லை. அப்போது என் அறையில் பாதி முடிந்த கேன்வாஸில் லம்போர்கினி மியூரா என்ற பழைய இத்தாலிய கார் ஒன்று ஆரஞ்சு நிறத்தில் நின்றிருந்தது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் அவர் சொல்வது சரிதானோ என்று எனக்கே சந்தேகம் வந்துகொண்டிருந்த காலம் அது.

மியூராவை ஏன் வரைய வேண்டும் என்று கார்ப் பித்தர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்கியும் பயனில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பிற்காலத்து சூப்பர் கார்கள் பெரும்பாலும் பார்க்கிறவரை மிரட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. எங்கே பார்த்தாலும் கூர்முனை, பிளந்த வாய், இறக்கை. மியூராவில் அந்த மிரட்டல் கிடையாது. இருக்கைகளுக்குப் பின்னால் 3,929 சிசி கொள்ளளவுள்ள பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் குறுக்குவாட்டில் படுத்திருக்கிறது. வெளியே அதைப் பற்றிய பெருமை எதுவும் இல்லை. ஒரே வளைவு முன் சக்கரத்தின் மேல் எழுந்து, கதவருகே தணிந்து, பின் சக்கரத்தின் மேல் மறுபடி எழுந்து முடிந்துவிடுகிறது. சூப்பர் கார்களின் மூதாதை என்று இதைச் சொல்கிறார்கள். சந்ததிக்கு அந்தச் சாயல் வாய்க்கவில்லை என்பது என் கட்சி.

1965 நவம்பரில் டுரின் கண்காட்சிக்கு வந்தது இந்த வண்டியின் எலும்புக்கூடு மட்டும்தான்: துளைகள் போட்டு எடை குறைத்த எஃகுத் தகட்டாலான கறுப்புச் சேஸிஸ், அதன் பின்னால் வெள்ளைப் புகைக்குழாய்கள். ஜான் பாலோ டல்லாரா, பாவ்லோ ஸ்டன்சானி என்ற இரண்டு பொறியாளர்கள். ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல பாப் வாலஸ் என்ற நியூசிலாந்துக்காரர். மூவரில் யாருக்கும் முப்பது வயது நிறையவில்லை. இந்தக் காலுக்குச் செருப்பு தைக்கக்கூடியவன் நான்தான் என்று, கார்களுக்கு உடல் வடிவமைத்துக் கட்டித்தரும் நிறுவனம் நடத்திய நூச்சோ பெர்டோனே அந்தக் கண்காட்சியிலேயே முதலாளி ஃபெருச்சோ லம்போர்கினியிடம் வந்து சொன்னதாக ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, நல்ல கதை. 1966 மார்ச்சில் ஜெனீவாவில் முழு வண்டி ஆரஞ்சு நிறத்தில் நின்றது. எஞ்சின் அறையில் எஞ்சினுக்குப் பதிலாக எடைக்கு ஏதோ வைத்து, மூடியைத் திறக்காமலே சமாளித்தார்கள் என்றும் சொல்வார்கள்.

அந்த உடலை வரைந்தது யார் என்பதில் ஒரு பங்காளிச் சண்டை இருக்கிறது. பெர்டோனே நிறுவனத்தில் வடிவமைப்பைக் கவனித்துவந்த ஜார்ஜெட்டோ ஜுஜாரோ 1965 இறுதியில் விலகினார். அந்த இடத்துக்கு வந்தவர் மார்செல்லோ கண்டினி. இருவரும் 1938 ஆகஸ்ட் மாதம் பிறந்தவர்கள், மூன்று வாரம்கூட இடைவெளி கிடையாது. மியூரா கண்டினியுடையது என்பதே உலகம் ஏற்ற கணக்கு. அது தன் பழைய வரைவுகளிலிருந்து வளர்ந்தது என்று ஜுஜாரோ உரிமை கோரியதும் உண்டு. எனக்கென்னவோ அந்த விளக்குகளையும் கதவுக் கைப்பிடியையும் பார்த்தால் கண்டினி பக்கம்தான் சாயத் தோன்றுகிறது. அந்தக் குறும்பு ஜுஜாரோவிடம் இல்லை. ஆனால் வழக்கு எப்படித் தீர்ந்தாலும் எனக்குப் பிரச்சினை அப்படியே இருந்தது: எவரோ போட்ட கோட்டின் மேல் நான் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

நின்று பார்த்தால்

பொட்டலம் கட்டும் இயந்திரங்களுக்குப் பேர்போன ஊர் இத்தாலியின் போலோனியா. என் பிழைப்பு அந்த இயந்திரங்களோடு என்பதால் வேலை நிமித்தம் அங்கே போக வாய்த்தது. லம்போர்கினி தொழிற்சாலை இருக்கும் சாந்தாகாத்தா அங்கிருந்து பக்கம்தான். சுற்றிலும் தட்டையான வயல்வெளி. டிராக்டர் விற்றுப் பணக்காரரான ஒரு மனிதர் கார் தொழிற்சாலை வைக்க இதைவிடப் பொருத்தமான மண் கிடைக்காது.

தொழிற்சாலையை ஒட்டிய காட்சியகத்தில் மியூராவின் பக்கத்தில் போய் நின்றதும் முதலில் தோன்றியது, இத்தனை வருடமாக நான் பார்த்த புகைப்படங்கள் எல்லாம் ஒரு வகையில் ஏமாற்று என்பதுதான். வண்டியின் மொத்த உயரம் 105 சென்டிமீட்டர். கூரை என் தொப்புளுக்கு வந்து நின்றுவிட்டது. புகைப்படக்காரர்கள் முழங்காலிட்டு, சில சமயம் தரையில் படுத்தே எடுக்கிறார்கள். அப்போது மட்கார்டு வளைவு மலைபோல எழுந்து வானத்தைத் தொடுகிறது. நின்றபடி பார்க்கிற மனிதனுக்கு இந்த வண்டி அண்ணாந்து பார்க்கிற பொருளே அல்ல. குனிந்து பார்க்க வேண்டியது. முன்மூடி, கூரை, எஞ்சினுக்கு மேல் வரிசையாகச் சரிந்து கிடக்கும் கறுப்புப் பட்டைகள் மூன்றும் ஒரே பார்வையில் விழுகின்றன. தொடுவானம் வண்டிக்கு மேலே எங்கேயோ இருக்கிறது. காலண்டர்தனம் எங்கிருந்து வருகிறது என்பதில் பாதி அங்கேயே எனக்கு விளங்கிவிட்டது. அது காரில் இல்லை. படம் எடுக்கிறவர் முழங்காலிடுவதில் இருக்கிறது. எனவே நான் வரையும் மியூராவை நின்றுதான் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

இரண்டு சங்கதிகளை அங்கே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, கதவுக் கைப்பிடி. கதவின் பின் விளிம்பில், காற்று போவதற்காக வைத்த கறுப்புப் பட்டைகள் அடுக்காக இருக்கின்றன. கைப்பிடியை அந்தப் பட்டைகளோடு பட்டையாக ஒளித்துவைத்திருக்கிறார்கள். தெரியாதவர் கதவைத் திறக்கவே முடியாது. இன்னொன்று, விளக்குகள். மூடியில் மல்லாந்து படுத்திருக்கும் அந்த வட்டங்களுக்கு மேலும் கீழும் கறுப்புத் தகடுகள், கண்ணுக்கு இமைமுடி வைத்தாற்போல. விளக்குகள் ஃபியட் 850 ஸ்பைடரிலிருந்து எடுத்தவை, அதாவது சாமானியர் வாங்குகிற வண்டியிலிருந்து. 1971இல் வந்த எஸ்வி வகையில் அந்த இமைகளை நீக்கிவிட்டார்கள். ஓட்டுவதற்கு எஸ்விதான் உத்தமம் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். முந்தைய வண்டிகளில் வேகம் கூடும்போது, அதுவும் முன்பக்கத்து எரிபொருள் தொட்டி காலியாகிவிட்டால், மூக்கு தரையை விட்டு எழப் பார்க்குமாம். இருக்கட்டும். வரைகிறவனுக்கு இமை இல்லாத மியூரா எதற்கு?

பட்டறையில் ஒரு கேள்வி

ஊருக்குத் திரும்பி, பார்வை மட்டத்தை உயர்த்திப் புதிதாகக் கோடு போட்டேன். சக்கரங்கள்தான் கார் ஓவியத்தில் ஆளை அம்பலப்படுத்தும் இடம். சாய்ந்து தெரியும் சக்கரம் நீள்வட்டம். அந்த நீள்வட்டத்தின் சிறிய அச்சு, சக்கரத்தின் ஆக்சில் போகிற திசையிலேயே போக வேண்டும். அது பிசகினால் மற்றதெல்லாம் தங்கமாக இருந்தாலும் வண்டி நொண்டும். அதுவும் சரியாகவே வந்தது. காட்மியம் ஆரஞ்சில் உடல், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு கலந்து நிழல், மேல் விளிம்புகளில் பளபளப்புக்கு வெள்ளை. வீட்டில் பார்த்தவர்கள் போட்டோ மாதிரியே இருக்கிறது என்றார்கள். எனக்கு மட்டும் அது பிளாஸ்டிக்காகத் தெரிந்தது. எடை இல்லை. கேன்வாஸைச் சாய்த்தால் உருண்டு ஓடிவிடும் போலிருந்தது.

இந்த நிலைமையில்தான் என் சொந்த வண்டியின் கதவில் யாரோ இடித்துவிட்டுப் போக, சிங்காநல்லூர் பக்கம் எனக்குத் தெரிந்த டிங்கரிங் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்கார அண்ணன் வயதில் மூத்தவர், அதிகம் பேச மாட்டார். தகட்டைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, காய்ந்த பிறகு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவ்வப்போது ஈரக் கதவின் ஓரமாகத் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். அவர் கதவைப் பார்க்கவில்லை. மேலே மாட்டியிருந்த டியூப்லைட்டின் பிம்பம் ஈரத்தில் விழுவதைப் பார்த்தார். அந்த வெள்ளை வரி நேராக ஓடி வந்து, ஓரிடத்தில் லேசாக நெளிந்தது. விரலை அங்கே வைத்து, "இன்னும் பள்ளம் இருக்கிறது" என்றார். கையால் தடவிப் பார்த்தேன், எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை. மறுபடி கொஞ்சம் பட்டி, மறுபடி உப்புத்தாள். வரி நேரானதும் எழுந்துகொண்டார்.

வண்ணம் காய்கிற நேரத்தில், அவருக்குப் பிடிக்குமே என்று கைப்பேசியில் என் மியூராவைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, பெரிதாக்கி, கதவில் கொஞ்ச நேரம், பின் மட்கார்டில் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வண்டி நன்றாக இருக்கிறது தம்பி. எங்கே நிற்கிறது?"

"எங்கேயும் இல்லை அண்ணா, பின்னணி இன்னும் போடவில்லை."

"பின்னணியைக் கேட்கவில்லை. கதவுக்குள் தரை எங்கே? மூடிமேல் வானம் எங்கே? இங்கே வெள்ளையாகக் கோடு போட்டிருக்கிறீர்களே, அது எதனுடைய வெளிச்சம்?"

அது எதனுடைய வெளிச்சமும் இல்லை. கார் பளபளக்கும் என்பதால் போட்ட கோடு அது. அவர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியின் பம்பரைக் கழற்றப் போய்விட்டார். நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து பட்டறைக்குள் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கதவின் மேல்பாதி லேசாக வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. அதில் தகரக் கூரையும் வாசல் வெளிச்சமும் கிடந்தன. கீழ்ப்பாதி உள்ளே மடங்குகிறது. அதில் எண்ணெய்க் கறை படிந்த தரை, ஒரு வாளி, என் செருப்பு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம்வரை ஓடுகிறது. அது வடிவமைப்பாளர் போட்ட கோடு கிடையாது. பட்டறையின் தொடுவானம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நம்மை நேராகப் பார்க்கும் பரப்பில் வண்டியின் சொந்த நிறம் தெரிகிறது. நம்மைவிட்டுத் திரும்பிப்போகும் விளிம்புகளில் நிறம் மங்கி, பிம்பம் மட்டும் மிஞ்சுகிறது. குளக்கரையில் நின்றால் காலடியில் அடிமண் தெரிவதும், தள்ளிப் பார்த்தால் வானம் மட்டுமே தெரிவதும் இதே கணக்குதான். மியூராவுக்கு இது முக்கியம், ஏனென்றால் அதில் நேரான பரப்பே கிடையாது. முன் மட்கார்டின் மேல் அந்த வளைவு எங்கே நம்மைவிட்டுத் திரும்பத் தொடங்குகிறதோ அங்கே ஆரஞ்சு முடிந்து வானம் தொடங்க வேண்டும். நான் அங்கே இன்னும் கொஞ்சம் வெளிர் ஆரஞ்சைத்தான் பூசிவைத்திருந்தேன். பிளாஸ்டிக் அப்படித்தான் வந்தது.

நண்பருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அந்த ஸ்டூலில் கிடைத்தது என்று நினைக்கிறேன். கண்டினி எல்லா முடிவையும் எடுத்துவிட்டார், உண்மைதான். ஆனால் வண்டி எந்த ஊரில், எந்தப் பொழுதில், யார் முன்னால் நிற்கும் என்பதை அவர் எடுக்க முடியாது. அதை எடுக்காமல் ஒரு காரை வண்ணத்தில் வரையவே முடியாது, ஏனென்றால் கதவில் என்ன பூசுவது என்பதே அதற்குப் பிறகுதான் தெரியும். வெள்ளைப் பின்னணியில் மிதக்கும் கார்ப் படங்களின்மேல் எனக்கு இப்போது இருக்கும் எரிச்சல் அன்றைக்குத் தொடங்கியது.

மூடுபனி

அப்படியானால் மியூரா எங்கே நிற்க வேண்டும்? ஆல்ப்ஸ் மலைப்பாதை என்பார்கள் பலரும். அதை எல்லோரும் வரைந்தாயிற்று. மொனாக்கோ துறைமுகம், படகு, நீலக் கடல்: பணக்காரன் வீட்டுச் சுவருக்கு அது போதும். எனக்கு நினைவில் வந்தது சாந்தாகாத்தாவைச் சுற்றிய வயல்வெளி. போ ஆற்றுச் சமவெளியில் பனிக்காலம் வந்தால் மூடுபனி இறங்கும். சாலையோர மரத்துக்கு அப்பால் உலகம் இருக்காது. பாப் வாலஸ் புது வண்டிகளைச் சோதித்துப் பார்த்தது இந்தப் பகுதிப் பொதுச் சாலைகளில்தான். பன்னிரண்டு சிலிண்டரும் வெபர் கார்புரேட்டர்களும் முதுகுக்குப் பின்னால் இரைய, கேபின் சூட்டில் வேர்த்து, எந்தத் திருகு தளர்ந்தது என்று காது கொடுத்துக் கேட்டபடி ஓட்டிய சாலைகள். மெதுவாகப் போகும்போது கார்புரேட்டர் பக்கம் பெட்ரோல் தேங்கித் தீப்பிடிக்கும் கெட்ட பெயரும் இந்த வண்டிக்கு உண்டு. அஞ்சலி என்பதற்காக அதையெல்லாம் துடைத்தெடுத்துவிட்டு ஒரு நகையை வரைய எனக்கு விருப்பமில்லை. ஈரத் தார்ச்சாலையின் ஓரமாக, மூடுபனியில், யாரோ இறங்கிப் போய்விட்டு இன்னும் திரும்பாத மாதிரி ஒரு மியூரா. அவ்வளவுதான்.

மூடுபனி வசதியாகவும் இருந்தது, கொடுமையாகவும் இருந்தது. வெயில் இல்லாததால் சுள்ளென்ற வெள்ளைப் புள்ளி எதுவும் தேவையில்லை. ஒளி மேலிருந்து எல்லாப் பக்கமும் சமமாக இறங்குகிறது; அந்த வெளிச்சத்தில் ஆரஞ்சு வெயிலில் இருப்பதைவிட அடர்த்தியாகத் தெரியும். கூரையும் மூடியின் மேற்பரப்பும் கிட்டத்தட்ட மூடுபனியின் நிறத்தையே வாங்கிக்கொள்ளும். அதற்கு வெள்ளையில் ஒரு துளி அல்ட்ரமரின், அதைவிடக் குறைவாக அதே ஆரஞ்சு. நீலமும் ஆரஞ்சும் ஒன்றையொன்று தின்று சாம்பலாகும் என்பது பாலபாடம். இங்கே அந்தச் சாம்பல்தான் வேண்டியது. கீழே, கதவு உள்ளே மடங்கும் இடத்தில், ஈரச் சாலையின் கருமை. அந்தக் கருமையை வைத்த சாயங்காலம்தான் வண்டிக்கு எடை வந்தது. கறுப்புக் குழாயை நான் திறக்கவே இல்லை. பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ரமரினும் போதும்.

பளபளப்பை எவ்வளவு வைப்பது என்பதில்தான் தயங்கித் தயங்கி வேலை செய்தேன். இன்று ஏலங்களிலும் கண்காட்சிகளிலும் நாம் பார்க்கும் மியூராக்கள் பெரும்பாலும் மறுசீரமைத்தவை. நிறத்துக்கு மேல் தனியாகக் கண்ணாடிப் பூச்சு பூசுவது பின்னால் பரவிய வழக்கம். அறுபதுகளில் இப்படிப்பட்ட தனி நிறங்களுக்கு நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில்தான். அந்தப் பூச்சில் பிம்பம் இருக்கும், ஆனால் விளிம்பு கொஞ்சம் மெத்தென்று இருக்கும். ஆகவே தொடுவானக் கோட்டைப் போட்டதும் காய்ந்த பிரஷால் அதன் மேல் ஒருமுறை மெல்ல இழுத்துக் கலைத்தேன். புகைப்படத்தோடு ஒப்பிட்டால் இது மங்கல் என்று சொல்வார்கள், சொல்லட்டும். 1966இன் வண்டிக்கு இன்றைய மெருகைப் பூசினால் அது அஞ்சலியாகாது, விற்பனைப் படம்.

இமைமுடிகளை எல்லாம் முடிந்த பிறகு வைத்தேன். மூடுபனியில் அந்தக் கறுப்புக் கீற்றுகள் மட்டும் கூராக இருக்க வேண்டும் என்பதால் மெல்லிய பிரஷில், லின்சீட் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக விட்டு இழுத்தேன். நண்பர் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, ரோடு பிரமாதமாக வந்திருக்கிறது என்றார். காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. பட்டறை அண்ணன், பின் சக்கரத்துக்கு மேலே பிம்பம் இன்னும் அரை அங்குலம் கீழே வந்திருக்கலாம் என்றார். அது எனக்கும் தெரியும். ஈரச் சாலையின் கோட்டைத் தொடாமல் அதை இறக்க வழியில்லை என்பதால் விட்டுவைத்திருக்கிறேன்.

அடுத்து வரையப்போவது மியூராவுக்குப் பின் வந்த லம்போர்கினி, கவுன்டாச். மியூரா எஸ்வி வெளிவந்த அதே 1971 ஜெனீவா கண்காட்சியில் பெர்டோனே மஞ்சள் நிறத்தில் அதன் முதல் வடிவத்தையும் கொண்டுவந்து நிறுத்தினார். அதே கண்டினிதான், ஐந்தே ஆண்டில் வளைவுகளை எல்லாம் கைவிட்டிருந்தார். நேர்க்கோடும் தட்டையான பரப்பும்தானே, மியூராவைவிடச் சுலபமாக இருக்குமே என்கிறார்கள். வளைந்த பரப்பு வானத்தையும் தரையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தரும். கை சற்றுத் தவறினாலும் மறைத்துவிடும். தட்டைப் பரப்பு ஒரே பிம்பத்தை விளிம்பிலிருந்து விளிம்புவரை வாங்கி, அடுத்த பரப்பின் தொடக்கத்தில் சட்டென்று வேறொன்றுக்கு மாறிவிடும். மஞ்சளுக்கு நிழல் கலப்பது வேறு பாடு. கொஞ்சம் நீலம் பட்டாலே பச்சையாகிவிடும். இன்னும் கேன்வாஸ்கூட வாங்கவில்லை. டுரினில் ஏதோ ஒரு கட்டடத்துக்கு முன்னால், மழை விட்ட பிறகு நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.